21 ஆண்டு "பிணமாக" கிடந்த செயற்கைக்கோள் திடீர் என்று பேசியது!

கொன்றதும் பாட்டரி, பிழைக்க வைத்ததும் அதே பாட்டரி!

செத்துப்போனது என்று முடிவு கட்டி 21 ஆண்டு ஆன பிறகு, ஒரு செயற்கைக்கோள் திடீர் என்று வாய் திறந்தது. அதை முதலில் கேட்டுச் சொன்னவர் ராக்கெட் விஞ்ஞானி அல்ல. வீட்டில் ரேடியோவைத் திருகிக்கொண்டு இருந்த ஒரு இங்கிலாந்துக்காரர்!

இந்த அதிசயம் நடந்தது 2002-ம் ஆண்டு ஜூன் மாதம் 21-ந்தேதி. இதுபற்றிய விவரம் வருமாறு:-

யார் இது?

அந்த இங்கிலாந்துக்காரர் பெயர் பாட் கோவன். அமெச்சூர் ரேடியோக்காரர். அதாவது, சம்பளத்துக்கு அல்ல, ஆசைக்காக ரேடியோ வைத்து ஊர் ஊராகப் பேசுகிறவர். இவர்களை "ஹாம்" என்பார்கள். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டு மாடியில் கம்பி கட்டி, கடல் கடந்து இருக்கும் முகம் தெரியாத ஆளோடு பேசுவதில் இவர்களுக்கு ஒரு சுகம்.

அன்றைக்கு கோவனின் ரேடியோவில், 145.97 மெகாஹெர்ட்ஸ் பக்கம், மெதுவாக ஒரு சத்தம் கேட்டது. பழைய தந்தி பாஷை. நான்கு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி. திரும்பவும் நான்கு, திரும்பவும் இரண்டு.

ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டினால் "ஹை, ஹை". ஹாம்களுக்குள் அது சிரிப்பு. நாம் "ஹஹ்ஹா" என்று எழுதுவதுபோல!

சிரித்து முடித்ததும் எண்கள் வந்தன. மூன்று மூன்று இலக்கமாக, வரிசை வரிசையாக. இது மனிதன் அனுப்புவது அல்ல. எந்திரம் அனுப்புவது என்று கோவனுக்குப் புரிந்துவிட்டது. அதுவும் பழைய காலத்து அமெச்சூர் செயற்கைக்கோள்கள் அனுப்பிய அதே பாணி. ஆனால் அந்த இடத்தில் அப்போது எந்தச் செயற்கைக்கோளும் பேச வேண்டிய வேலையே இல்லை.

"இது யார்?" என்று அவர் மற்ற ஹாம்களுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் சுற்றுப்பாதைக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். வந்த விடையைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனார்கள்.

அது "ஆஸ்கார்-7". 1981-ம் ஆண்டு நடுவில் செத்துப்போன செயற்கைக்கோள்!

சினிமா ஆஸ்கார் அல்ல

சினிமாக்காரர்கள் வாங்கும் ஆஸ்கார் பரிசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "அமெச்சூர் ரேடியோவைச் சுமந்து சுற்றும் செயற்கைக்கோள்" என்பதன் ஆங்கில முதல் எழுத்துக்களைச் சேர்த்தால் ஆஸ்கார் என்று வரும். அதுதான் பெயர்.

இந்தக் குடும்பத்தில் மூத்த பிள்ளை, ஆஸ்கார்-1. ரஷியா முதல் ஸ்புட்னிக்கை விட்டது 1957 அக்டோபர் 4-ந்தேதி. நான்கு ஆண்டு சொச்சம்தான் ஆகி இருந்தது. அதற்குள் அமெரிக்காவில் கலிபோர்னியா ஹாம்கள் சிலர், "நாமும் ஒன்று விட்டால் என்ன?" என்று கிளம்பிவிட்டார்கள்!

கார் ஷெட்டிலும் வீட்டின் அடித்தளத்திலும் உட்கார்ந்து ஒரு சின்னப் பெட்டியைச் செய்தார்கள். எடை 4½ கிலோ. ராக்கெட்டில் இருந்து அதைத் தள்ளிவிட ஒரு ஸ்பிரிங் வேண்டுமே? கடையில் போய் ஒரு டாலர் சொச்சம் கொடுத்து வாங்கி மாட்டினார்கள்.

ராக்கெட்? அதுதான் வேடிக்கை. அமெரிக்க விமானப்படையின் ராக்கெட் ஒன்றில், எடை சரிக்கட்டுவதற்காக வைக்கும் வெறும் பாரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தப் பெட்டியை உட்கார வைத்தார்கள். சுத்தமான ஓசி சவாரி!

1961 டிசம்பர் 12-ந்தேதி அது பறந்தது. கூடப் போன பெரிய செயற்கைக்கோளின் பெயர் "டிஸ்கவரர்-36". விஞ்ஞான ஆராய்ச்சி என்று வெளியே சொன்னார்கள். உள்ளே இருந்தது ரஷியாவைப் படம் பிடிக்கும் உளவு கேமரா! இந்த ரகசியம் 1995-ல்தான் அதிகாரபூர்வமாக வெளியே வந்தது. உளவாளியின் தோளில் உட்கார்ந்து "ஹை ஹை" என்று சிரித்துக்கொண்டே போயிருக்கிறது ஆஸ்கார்-1.

சுமார் மூன்று வாரம் சிரித்தது. 28 நாடுகளில் 500-க்கும் மேற்பட்ட ஹாம்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டு எழுதி அனுப்பினார்கள். பிறகு பாட்டரி தீர்ந்தது. அந்தப் பெட்டியில் மறுபடி சார்ஜ் செய்ய வழி கிடையாது. 1962 ஜனவரி கடைசியில் அது விண்ணில் இருந்து விழுந்து எரிந்துபோனது.

அரிசி மூட்டை எடை

ஆஸ்கார்-7 விஷயம் வேறு. 1969-ல் வாஷிங்டனில் "ஆம்சாட்" என்ற சங்கத்தை ஹாம்கள் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்தின் பிள்ளை இது. அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று நாலு தேசத்து ஹாம்களும் ஆளுக்கு ஒரு பாகம் செய்து கொடுத்தார்கள். முக்கியமான ரேடியோப் பெட்டி ஒன்றைச் செய்தவர் ஜெர்மனியின் கார்ல் மைன்சர்.

எடை சுமார் 29 கிலோ. கடையில் விற்கும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

1974 நவம்பர் 15-ந்தேதி, அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு மேலே போனது. 1,450 கிலோ மீட்டர் உயரத்தில், வடக்கும் தெற்குமாக, 115 நிமிடத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றியது. இந்தப் பாதையில் போனால் உலகத்தில் எந்த ஊரும் மிச்சம் இல்லை. சென்னை வானத்தையும் தினம் பல தடவை கடந்து போகும்.

இதன் வேலை என்ன? கீழே இருந்து ஒருவர் பேசினால், வாங்கி அப்படியே திருப்பிக் கீழே அனுப்பும். ஆகாயத்தில் தொங்கும் ஒலிபெருக்கி என்று வைத்துக்கொள்ளலாம். நேராகப் பேச முடியாத தூரத்தில், 7 ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் இருப்பவர்கூட இதன் மூலம் பேசலாம். தலைக்கு மேலே வந்து மறைகிறவரை ஏறக்குறைய 20 நிமிடம் கிடைக்கும். அதற்குள் பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும்.

ரெயில் ஊதல் கணக்கு

ஹாம்கள் இதை வைத்து அரட்டை மட்டும் அடித்தார்கள் என்று நினைத்துவிடக்கூடாது.

தாம்பரம் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் கவனித்து இருப்பார்கள். நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டே வரும்போது சத்தம் "கீச்" என்று இருக்கும். நம்மைத் தாண்டியதும் "ஙூ..." என்று இறங்கிவிடும். ரேடியோ அலையிலும் அதே கதைதான். செயற்கைக்கோள் நெருங்கும்போது சுருதி ஏறும், விலகும்போது இறங்கும்.

இதைத் தலைகீழாகப் போட்டால்? கீழே ஒரு ரேடியோ கத்துகிறது. மேலே போகும் செயற்கைக்கோளுக்கு அந்தச் சுருதி எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று பார்த்தால், கத்துகிற இடம் எது என்று கண்டுபிடித்துவிடலாம்!

காட்டில் விமானம் விழுந்தால் தானாகவே கத்தும் அபாய ரேடியோ அந்தக் காலத்திலேயே இருந்தது. ஆனால் கத்தினால் போதுமா? யாராவது பக்கத்தில் பறந்தால்தானே கேட்கும்! கனடா நாட்டு அரசு ஆராய்ச்சியாளர்கள் 1970-களின் நடுவில், ஆஸ்கார்-6, ஆஸ்கார்-7 ஆகிய ஹாம் செயற்கைக்கோள்களை வைத்து இந்த யோசனையைச் சோதித்துப் பார்த்தார்கள். "நடக்கும்" என்று தெரிந்தது.

பிறகு அமெரிக்கா, ரஷியா, கனடா, பிரான்ஸ் நான்கும் சேர்ந்து இதற்கென்றே செயற்கைக்கோள் ஏற்பாடு செய்தன. 1982 செப்டம்பரில் கனடாவின் மலைக்காட்டில் விழுந்த ஒரு சின்ன விமானத்தை இதன் மூலம் கண்டுபிடித்து, 3 பேரை உயிரோடு மீட்டார்கள். அதற்குப் பிறகு கடலிலும் காட்டிலும் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில். பொழுதுபோக்குக்காரர்களின் 29 கிலோ பெட்டிக்கு அந்தப் புண்ணியத்தில் ஒரு பங்கு உண்டு.

ஆனால் அந்த 3 பேரும் மீட்கப்பட்டபோது ஆஸ்கார்-7 உயிரோடு இல்லை. ஒரு வருடம் முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டது.

கொலையாளி யார்?

இது ஒரு கொலை வழக்கு என்றால், குற்றவாளி பாட்டரிதான்.

செயற்கைக்கோளின் உடம்பைச் சுற்றி, வெயிலை மின்சாரமாக மாற்றும் தகடுகள் உண்டு. வெயிலில் போகும்போது அவை பாட்டரியை சார்ஜ் செய்யும். பூமியின் நிழலுக்குள் புகும்போது பாட்டரி கைகொடுக்கும். ஏழு ஆண்டுக்குக் கொஞ்சம் குறையாக இப்படி ஓடியது.

பிறகு பாட்டரியின் செல்கள் பழுதாகி ஷார்ட் ஆயின. தகடுகள் எவ்வளவு கரண்டு கொடுத்தாலும் அவ்வளவும் அந்த ஷார்ட்டிலேயே போச்சு. ரேடியோவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. முழு செயற்கைக்கோளும் "கப்சிப்".

வீட்டில் ஷார்ட் ஆனால் பியூஸ் போகும். லைன்மேனைக் கூப்பிடலாம், அவர் வருவார், இல்லை நாளைக்கு வருவார். 1,450 கிலோ மீட்டர் உயரத்துக்கு எந்த லைன்மேன் ஏறுவார்? கணக்கில் இருந்து அடித்துவிட்டார்கள்.

அப்புறம் 21 ஆண்டு. கணக்குப் பார்த்தால் 90 ஆயிரம் தடவைக்கு மேல் பூமியைச் சுற்றி இருக்கிறது, பேசாத ஊமையாக.

உயிர் வந்தது எப்படி?

2002-ல் "ஹை ஹை" கேட்டதும், ஆஸ்கார்-7 வேலைக்குத் தலைமை தாங்கி இருந்த அமெரிக்க என்ஜினீயர் ஜான் கிங் காரணத்தைச் சொன்னார். "பிணத்தை" அறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் அதன் ஒவ்வொரு ஒயரும் தெரிந்தவர் அவர்.

ஷார்ட் ஆகிக் கிடந்த பாட்டரி செல் ஒன்று, காலப்போக்கில் இன்னும் கெட்டுப்போய், உள்ளே இணைப்பே அறுந்துவிட்டது. ஷார்ட் ஆன ஒயர் தானாகவே துண்டானது மாதிரி! கரண்டை விழுங்கிக்கொண்டு இருந்த வாய் அடைபட்டது. தகடுகளின் மின்சாரம் நேராக ரேடியோவுக்குப் போனது.

கெட்டுப்போன பாட்டரி, முழுசாகக் கெட்டுப்போனதால் செயற்கைக்கோள் பிழைத்தது! கெட்டதிலும் ஒரு நல்லது என்று பாட்டி சொல்வாளே, அது ஆகாயத்தில் நடந்துவிட்டது.

ஆனால் இந்தப் பிழைப்பு அரைப் பிழைப்புதான். பாட்டரி இல்லாததால், வெயில் பட்டால் உயிர். நிழலுக்குள் போனால் சாவு. திரும்ப வெயிலுக்கு வந்ததும் திரும்பப் பிறப்பு. சில காலத்தில் நாள் முழுக்க வெயில் கிடைக்கும். மற்ற காலத்தில் 115 நிமிடச் சுற்றில் ஒரு சாவும் ஒரு பிறப்பும்.

இன்னொரு கூத்து. அதற்குள் இரண்டு ரேடியோப் பெட்டிகள். ஒன்று "ஏ", மற்றது "பி". நிழலில் இருந்து எழும்போது எந்தப் பெட்டி ஓடும் என்று சொல்ல முடியாது. ராத்திரி பஸ்சில் தூங்கி எழுந்தவன் "இது எந்த ஊர்?" என்று விழிப்பதுபோல, ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும். கீழே இருப்பவர்கள் இரண்டு இடத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். வெயில் தொடர்ந்து கிடைக்கும் நாட்களில் மட்டும் உள்ளே இருக்கும் கடிகாரம், 24 மணிக்கு ஒரு தடவை முறையாக மாற்றி மாற்றிப் போடும்.

2024 நவம்பர் 15-ந்தேதி இதற்கு 50 வயது நிறைந்தது. அன்றைக்கும் உயிரோடு இருந்தது. 1974-ல் இதைச் செய்தவர்கள் யாரும் இவ்வளவு காலத்தை எதிர்பார்த்து இருக்க மாட்டார்கள்.

15 கோடி டாலரைத் தொலைத்த நாசா

காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஆட்களால் கிடைத்தது ஆஸ்கார்-7 மட்டும் அல்ல.

அமெரிக்காவின் நாசா 2000-ம் ஆண்டு மார்ச்சில் "இமேஜ்" என்ற செயற்கைக்கோளை விட்டது. செலவு 15 கோடி டாலர். 2005 டிசம்பரில் அது பேச்சை நிறுத்தியது. நாசா தேடிப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது.

2018 ஜனவரி 20-ந்தேதி, கனடா நாட்டு அமெச்சூர் ஸ்காட் டில்லி, "ஜூமா" என்ற ரகசிய செயற்கைக்கோளின் சத்தம் கேட்கிறதா என்று துழாவிக்கொண்டு இருந்தார். ஜூமா கிடைக்கவில்லை. கிடைத்தது நாசா தொலைத்த "இமேஜ்"! பத்து நாளில் நாசாவும் "ஆமாம், எங்களுடையதுதான்" என்று ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டே தொடர்பு மறுபடி நழுவிவிட்டது என்பது வேறு விஷயம். கோடி கொட்டியவர்கள் விட்டதை, காசு வாங்காத ஒருவர் பிடித்தாரா இல்லையா?

ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து...

நம்ம பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு.

2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமி வந்தபோது, அந்தமானில் போர்ட் பிளேரில் ஒரு ஹாம் குழு இருந்தது. தலைவி, பாரதி பிரசாத். பல ஆண்டு அனுமதி இல்லாமல் இருந்த அந்தத் தீவில் இருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காக, விசேஷ அனுமதி வாங்கிப் போயிருந்தார்கள். அலை அடித்ததும் பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, "யார் உயிரோடு இருக்கிறார்கள்?" என்ற செய்தியைத் தீவுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே கடத்தும் வேலையில் இறங்கிவிட்டார்கள். செயற்கைக்கோள் கிடையாது, சாதாரணக் கம்பியும் ரேடியோவும்தான்.

அடுத்த சில மாதத்தில், 2005 மே 5-ந்தேதி, சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது. பெரிய செயற்கைக்கோள் கார்ட்டோசாட்-1. கூடவே 42½ கிலோ எடையில் "ஹாம்சாட்". இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உலக ஹாம்களுக்குக் கொடுத்த அன்பளிப்பு! இதற்குள்ளும் இரண்டு ரேடியோப் பெட்டிகள். ஒன்று இந்தியர்கள் செய்தது. மற்றது, ஹாலந்து நாட்டு மாணவர் ஒருவர் செய்து கொடுத்தது.

இரண்டு ஆண்டு ஓடினால் போதும் என்று விட்டார்கள். ஒன்பது ஆண்டு ஓடியது. 2014 ஜூலையில் நின்றது. காரணம்? அங்கேயும் பாட்டரிதான்!

குழாயடி நியாயம்

ஹாம் ஆக வேண்டும் என்றால் இந்தியாவில் மத்திய அரசு நடத்தும் பரீட்சையில் தேற வேண்டும். லைசென்ஸ் வந்தால், "வியூ" என்று தொடங்கும் அடையாளக் குறி கிடைக்கும். 12 வயது நிறைந்தவர் யாரும் எழுதலாம். காசு வாங்கிச் செய்தி அனுப்பக்கூடாது. சினிமாப் பாட்டு போடக்கூடாது. ரகசிய பாஷை பேசக்கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கும்படி பேச வேண்டும்.

ஆஸ்கார்-7-ல் பேசுவதற்குச் சட்டம் அல்லாத ஒரு சட்டம் கூடுதலாக உண்டு. அது நம் தெருக்குழாய்ச் சட்டம்!

இதன் "பி" ரேடியோ, புதிதாக இருந்தபோதே 8 வாட்தான். இரவில் எரியும் ஜீரோ வாட் பல்பு தின்னும் கரண்டைவிடக் குறைவு. அந்த 8 வாட்டை ஒரே நேரத்தில் பேசும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கீழே இருந்து ஒருத்தர் பெரிய பவர் வைத்து ஓங்கிக் கத்தினால், அவருக்கே முழுப் பங்கும் போய்விடும். குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிற வீடு மாதிரி. வரிசையில் குடம் வைத்த மற்றவர்களுக்குக் காற்றுதான்.

அதோடு போகாது. பாட்டரி இல்லாத செயற்கைக்கோள், வெறும் தகட்டு மின்சாரத்தில் ஓடுகிறது. திடீர் என்று பளு ஏறினால் வோல்டேஜ் இறங்கும். மின்சாரம் குறைந்த வீட்டில் டேப்ரிக்கார்டர் பாட்டு இழுபடுமே, அதுபோல எல்லோருடைய குரலும் கோணும். இன்னும் மிஞ்சினால் செயற்கைக்கோளே அணைந்து மறுபடி எழும். எந்தப் பெட்டியில் எழும் என்பது அதற்கே தெரியாது. பாதிப் பேச்சில் இருந்தவர்கள் எல்லோரும் அம்போ!

மேலே போலீஸ்காரர் கிடையாது. யார் கத்தினார் என்று பிடித்து அபராதம் போட ஆளும் இல்லை. தன் குரல் மேலே போய்த் திரும்பி வருவதைத் தானே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பேச வேண்டும். குரல் கொஞ்சம் நடுங்குவதாகத் தெரிந்தால், உடனே பவர் குமிழைத் திருகிக் குறைக்க வேண்டும். பழகிய ஹாம்கள் இதைச் சொல்லாமலே செய்கிறார்கள். புதிதாக வருகிறவர்களிடம் "மெதுவா பேசுங்க, கிழவருக்கு தாங்காது" என்கிறார்கள்.